ஒற்றைத் தண்டவாளப் பேரரசு

வல்லரசுகள் தோற்ற போர்கள் – 9

சென்ற இதழில் கிரீமியாவில் நின்றோம். 1855 செப்டம்பரில் செவஸ்டபோல் வீழ்ந்தது. சொந்த மண்ணில் இருந்த சொந்தக் கோட்டைக்கு வெடிமருந்து கொண்டுபோய்ச் சேர்க்க ரஷ்யாவுக்கு வழியில்லை. மாஸ்கோவுக்குத் தெற்கே அப்போது ரயிலே கிடையாது. ரஷ்ய மாட்டு வண்டிகள் சேற்றில் புதைந்து கிடக்க, பிரிட்டனும் பிரான்ஸும் நீராவிக் கப்பல்களில் வந்து இறங்கின. வாங்கிய அடியில் ரஷ்யா ஒரு பாடம் படித்தது: ரயில் போடு. சரியான பாடம்தான். ஆனால் பாதிப் பாடம். மீதியைப் படிக்க அரை நூற்றாண்டு ஆனது. இந்த முறை வாத்தியார், ஜப்பான்.

1891 மே 31. பசிபிக் கரையில் உள்ள விளாடிவோஸ்டாக். ரஷ்யப் பட்டத்து இளவரசர் நிக்கோலஸ் ஒரு தள்ளுவண்டியில் மண்ணை அள்ளிப் போட்டு, தள்ளிக்கொண்டு போய்க் கொட்டினார். சைபீரியாவைக் குறுக்கே கடக்கப்போகும் ரயில்பாதையின் கிழக்கு முனையில் வேலை தொடங்கியாகிவிட்டது என்பதற்கான சடங்கு அது. இளவரசரின் நெற்றியில் இன்னும் ஆறாத வெட்டுக்காயம். இருபது நாட்களுக்கு முன்பு ஜப்பானில், ஓட்சு என்ற ஊரில், ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்தவரை வாளால் வெட்டியிருந்தான் ஒருவன். வெட்டியவன் கொள்ளைக்காரனோ கலகக்காரனோ இல்லை. வழிநெடுகக் காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்த போலீஸ்காரர்களில் ஒருவன்.

மூன்று வருடம் கழித்து நிக்கோலஸ் ஜார் ஆனார். நெற்றித் தழும்பும் அந்த ரயில்பாதையும் கடைசிவரை அவரோடு இருந்தன. தழும்புக்காகத்தான் போர் மூண்டது என்று சொல்வது மிகை. ஆனால் போரில் ஜெயிப்பதும் தோற்பதும் அந்த ரயில்பாதையின் கையில் இருந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

பறித்ததும் பிடித்ததும்

1895இல் சீனாவைத் தோற்கடித்த ஜப்பான், மஞ்சூரியாவின் தென்முனையில் இருக்கும் லியாவோதுங் தீபகற்பத்தைப் பரிசாக எழுதி வாங்கியது. ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து கண்ணை உருட்டின. ஜப்பான் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தது. மூன்றே வருடத்தில், 1898இல், அதே தீபகற்பத்தில் உள்ள போர்ட் ஆர்தர் துறைமுகத்தை ரஷ்யா சீனாவிடம் 25 வருடக் குத்தகைக்கு எடுத்தது. விளாடிவோஸ்டாக் குளிர்காலத்தில் உறைந்துவிடும். போர்ட் ஆர்தர் உறையாது.

1900இல் சீனாவில் பாக்ஸர் கலகம் வெடித்தது. மஞ்சூரியா வழியாகப் போகும் தன் ரயில்பாதையைக் காக்கிறோம் என்று சொல்லி ரஷ்யப் படை அங்கே முழுவதும் பரவியது. மூன்று கட்டமாக வெளியேறுவதாக 1902இல் கையெழுத்தும் போட்டது. முதல் கட்டம் நடந்தது. 1903 ஏப்ரலில் இரண்டாவது கட்டத்துக்கான நாள் வந்தது, போனது. படை அசையவில்லை.

இதற்குள் ஜப்பான் சும்மா இருக்கவில்லை. 1902 ஜனவரியில் பிரிட்டனோடு உடன்படிக்கை செய்துகொண்டது. ஜப்பான் ஒரு நாட்டோடு மட்டும் மோதினால் பிரிட்டன் ஒதுங்கி நிற்கும். ரஷ்யாவுக்குத் துணையாக இன்னொரு நாடு வந்தால் பிரிட்டனும் இறங்கும். ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்ஸின் கை இப்படிக் கட்டப்பட்டது. பிறகுதான் ஜப்பான் பேச்சுவார்த்தைக்குப் போனது. கொரியாவில் எங்கள் கை, மஞ்சூரியாவில் உங்கள் கை, இதற்கு ஒப்புக்கொள்வீர்களா என்பதே சாரம். கடுமையான நிபந்தனை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ரஷ்யாவின் பதில்கள் வாரக்கணக்கில் தாமதமாயின. டோக்கியோவில் அதைத் திட்டமிட்ட இழுத்தடிப்பாக எடுத்துக்கொண்டார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் யார் பதில் எழுதுவது என்பதே பீட்டர்ஸ்பர்க்கில் முடிவாகாமல் கிடந்தது என்பதும் உண்மை.

ஜாரின் காது

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஜப்பானோடு மோதினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் ரஷ்யாவில் இல்லாமல் இல்லை.

நிதியமைச்சர் செர்கேய் விட்டே, சைபீரிய ரயிலுக்குப் பின்னால் இருந்த மூளை. தன் ரயில் எவ்வளவு தாங்கும் என்று அவருக்குத் தெரியும். வணிகம் போதும், வம்பு வேண்டாம் என்றார். 1903 ஆகஸ்ட்டில் அந்தப் பதவியிலிருந்து அவரைத் தூக்கிவிட்டார்கள்.

போர் அமைச்சர் குரோபாட்கின் 1903 கோடையில் ஜப்பானுக்கே போய் அதன் ராணுவத்தை நேரில் பார்த்தார். குறைத்து மதிக்கக்கூடிய படை அல்ல என்பது புரிந்தது. அந்த வருடக் கடைசியில், போர்ட் ஆர்தரைச் சீனாவிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூட எழுதிப் பார்த்தார். காகிதம் காகிதமாகவே இருந்தது.

அட்மிரல் மக்கரோவின் கதை இன்னும் கொடுமை. போர்ட் ஆர்தரில் கப்பல்களை உள்துறைமுகத்தில் வைக்காமல் வெளியே திறந்த கடலில் நிறுத்தியிருக்கிறீர்கள், ஒரு ராத்திரித் தாக்குதல் வந்தால் போச்சு என்று கடற்படை அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தின் தேதி, நம் நாட்காட்டிப்படி 1904 பிப்ரவரி 8. அன்றிரவே ஜப்பானிய நாசகாரிக் கப்பல்கள் அந்தத் திறந்த கடலுக்கு வந்து டார்பிடோ வீசின. இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் ஒரு குரூஸரும் அடிபட்டன. ஜப்பான் முறைப்படி போர் அறிவித்தது அதற்குப் பிறகுதான்.

ஜாரின் காதுக்கு அருகில் இருந்தவர்கள் வேறு ஆட்கள். பெஸோபிரஸோவ் என்ற ஓய்வுபெற்ற காவல்படை அதிகாரி, கொரிய எல்லையில் யாலு நதிக்கரைக் காடுகளில் மரம் வெட்டும் உரிமையைக் காட்டி, அரண்மனையின் ஆதரவையும் பணத்தையும் பெற்றிருந்தார். மரக்கம்பெனி என்ற போர்வையில் கொரியாவுக்குள் காலூன்றும் திட்டம். தூரக் கிழக்குக்கென்று ஒரு வைஸ்ராய் பதவி புதிதாக உண்டானது. அதில் அமர்ந்த அட்மிரல் அலெக்ஸேயெவ் வெளியுறவு அமைச்சகத்துக்கே கட்டுப்பட்டவர் இல்லை. தான் விரும்பாதவரை போர் வராது என்று ஜார் நம்பினார். போர் வேண்டுமா வேண்டாமா என்ற முடிவை எதிராளியும் எடுக்கலாம் என்ற எண்ணமே அந்த அரண்மனையில் யாருக்கும் வரவில்லை.

மக்கள்தொகையில் ஜப்பானைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நிரந்தரப் படை. இவ்வளவு பெரிய நாட்டை ஒரு தீவு என்ன செய்துவிடும்? பலசாலிக்குக் கணக்குப் போட வேண்டிய அவசியம் இல்லை என்று தோன்றிவிடுகிறது. ரஷ்யா வழுக்கி விழுந்த முதல் படி இதுதான்.

பனிமேல் ஓடிய ரயில்

போர் தொடங்கிய அன்று அந்தப் பத்து லட்சத்தில் தூரக் கிழக்கில் இருந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். அவர்களும் விளாடிவோஸ்டாக் முதல் போர்ட் ஆர்தர் வரை சிதறிக் கிடந்தார்கள். மற்றவர்கள் வந்தாக வேண்டும். மாஸ்கோவிலிருந்து போர்ட் ஆர்தர் சுமார் 8,000 கிலோமீட்டர். வழிநெடுக ஒற்றைத் தண்டவாளம். கிழக்கே போகும் ரயிலுக்கு வழிவிட்டு மேற்கே திரும்பும் ரயில் ஓரத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு நாளைக்குப் போய்ச் சேர்ந்த ராணுவ ரயில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஐரோப்பிய ரஷ்யாவில் ரயில் ஏறியவன் மஞ்சூரியாவில் இறங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஜப்பானியச் சிப்பாய் சசெபோவில் கப்பல் ஏறினால் ஒன்றிரண்டு நாளில் கொரியக் கரை.

அந்த ஒற்றைத் தண்டவாளமும் நடுவில் அறுந்திருந்தது. பைகால் ஏரியின் தென்கரை செங்குத்துப் பாறை. குகைப்பாதைகள் குடைந்து முடியவில்லை. ரயில் பெட்டிகளை அப்படியே ஏற்றிக்கொண்டு ஏரியைக் கடக்க, இங்கிலாந்தில் செய்து, கழற்றிக் கொண்டுவந்து, கரையில் பூட்டிய பனியுடைக்கும் கப்பல் ஒன்று இருந்தது. ஆனால் போர் வந்தது பிப்ரவரியில். ஏரி ஒரு மீட்டருக்கு மேல் உறைந்து கப்பல் முடங்கிக் கிடந்த நேரம்.

போக்குவரத்து அமைச்சர் ஹில்கோவ் நேரே ஏரிக்கரைக்கு வந்தார். உறைந்த ஏரியின் மேலேயே நாற்பது கிலோமீட்டருக்கும் கூடுதலான தூரத்துக்குத் தண்டவாளம் போடச் சொன்னார். நீண்ட கட்டைகளைப் பரப்பி, அதன்மேல் இரும்பைப் பதித்தார்கள். சோதனைக்கு விட்ட எஞ்சின் பனி உடைந்து ஏரிக்குள் போனது. அதற்குப் பிறகு எஞ்சின்களைக் கழற்றிப் பாகம் பாகமாக ஏற்றினார்கள். பெட்டிகளைக் குதிரைகள் இழுத்தன. சிப்பாய்கள் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, பனிக்காற்றில் ஏரியை நடந்தே கடந்தார்கள். நடுவழியில் சூடு காய்ந்து, சாப்பிட்டுப் போகக் குடில்கள் போட்டிருந்தார்கள். வசந்தத்தில் பனி இளகும்வரை இந்தக் கூத்து நடந்தது. ஏரியைச் சுற்றிய பாதையில் ரயில் ஓடியது 1904 செப்டம்பரில்.

ஹில்கோவும் அவருடைய ஆட்களும் செய்தது அசாத்திய வேலை. யாரும் குறைசொல்ல முடியாது. போர் முடிவதற்குள் அந்தப் பாதையின் கொள்ளளவைப் பல மடங்கு கூட்டியும் காட்டினார்கள். அந்தப் பாதை தயாராகும்வரை ஜப்பானோடு வம்பை வளர்க்காமல் இருந்திருக்கலாமே என்ற கேள்விக்குத்தான் பீட்டர்ஸ்பர்க்கில் பதில் இல்லை.

அனுப்பிய ஆட்களும் முதல்தரம் அல்ல. ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் எதிரில் நிறுத்திய நல்ல படைகளை எடுக்க மனமில்லை. சொந்த நாட்டில் வேலைநிறுத்தங்களை அடக்கவும் படை தேவை. ஆகவே படையை விட்டு எப்போதோ ஊர் திரும்பி, பிள்ளைகுட்டியோடு விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த நடுவயதுக்காரர்களைக் கூப்பிட்டு ரயில் ஏற்றினார்கள். மஞ்சூரியா எங்கே இருக்கிறது, அதற்காக ஏன் சாக வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

ஒரு படை, இரண்டு எஜமானர்கள்

களத்துக்குத் தளபதியாக வந்தவர் குரோபாட்கின். திட்டம் தெளிவானது: போர்ட் ஆர்தர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளட்டும், நாம் வடக்கே பின்வாங்கிக்கொண்டே போவோம், ரயில் போதுமான ஆளைக் கொண்டுவந்து கொட்டியதும் திருப்பி அடிப்போம். நெப்போலியனை அப்படித்தான் ரஷ்யா முடித்தது. ஆனால் வைஸ்ராய் அலெக்ஸேயெவுக்குப் பின்வாங்குவது அவமானம். போர்ட் ஆர்தரைக் காப்பாற்று, தெற்கே போ என்று நெருக்கினார். ஜார் இரண்டு பேருக்கும் தலையாட்டினார்.

விளைவு, இரண்டு திட்டமும் பாதிப் பாதியாக நடந்தன. மே 1 அன்று யாலு நதியில் ஜப்பானியரைத் தடுக்கப் போதாத ஒரு படையை நிறுத்தித் தோற்றார்கள். பின்வாங்குவதாக இருந்தால் அங்கே நின்றிருக்கவே வேண்டாம். லியாவோயாங்கில் ஆகஸ்ட் கடைசியில் பெரிய சண்டை. குண்டும் ஆளும் தீர்ந்துபோய் ஜப்பானியர் தள்ளாடிய நேரத்தில், பக்கவாட்டில் சூழ்ந்துவிடுவார்கள் என்று பயந்து குரோபாட்கின் படையைப் பின்னால் இழுத்தார். அக்டோபரில் அலெக்ஸேயெவைத் திருப்பி அழைத்தார்கள். கட்டளை ஒரே கைக்கு வந்ததே என்று பார்த்தால், ஜனவரியில் துணைத் தளபதி கிரிப்பென்பெர்க், குரோபாட்கினோடு சண்டை போட்டுக்கொண்டு பாதிப் போரில் ஊருக்குக் கிளம்பிப் போனார்.

போர்ட் ஆர்தருக்கு வெளியே இன்னொரு விதமான நரகம். ஜெனரல் நோகி, பதுங்குகுழிகளிலும் முள்கம்பிகளிலும் இயந்திரத் துப்பாக்கிகளின் முன்னும் அலையலையாக ஆட்களை அனுப்பினார். ஜப்பான் அங்கே இழந்தது, காயம்பட்டவர்களையும் சேர்த்து, சுமார் 60,000 பேர். நோகியின் இரண்டு மகன்களும் இந்தப் போரில் இறந்தார்கள். டிசம்பர் 5 அன்று 203 மீட்டர் குன்று கைக்கு வந்தது. அதன் உச்சியிலிருந்து பார்த்தால் துறைமுகத்தில் நின்ற ரஷ்யக் கப்பல்கள் எல்லாம் தெரியும். 28 சென்டிமீட்டர் ஹோவிட்சர் பீரங்கிகள் அவற்றை ஒவ்வொன்றாக மூழ்கடித்தன. 1905 ஜனவரி 2 அன்று கோட்டைத் தளபதி ஸ்டெஸல் சரணடைந்தார். கோட்டைக்குள் குண்டுகளும் உணவும் மிச்சம் இருந்தன. அவரைப் பின்னால் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி மரண தண்டனை விதித்தார்கள். அது சிறையாகக் குறைந்து, மன்னிப்பில் முடிந்தது.

மக்கரோவ் என்ன ஆனார்? அடிபட்ட பிறகு அவரைத்தான் கூப்பிட்டார்கள். மார்ச்சில் வந்து சேர்ந்தார். கப்பற்படைக்கு உயிர் வந்தது. ஏப்ரல் 13 அன்று அவருடைய கொடிக்கப்பல் கண்ணிவெடியில் மோதி மூழ்கியது. அவரோடு 600 பேருக்கு மேல் இறந்தார்கள். போரின் கொடூரத்தை வாழ்நாள் முழுக்கத் தீட்டிய ஓவியர் வெரெஷ்சாகினும் அவர்களில் ஒருவர்.

பாதி உலகத்தைச் சுற்றி

ரயிலால் முடியாததைக் கடலால் முடித்துவிடலாம் என்று ஜார் நினைத்தார். பால்டிக் கப்பற்படை 1904 அக்டோபர் 15 அன்று லிபாவு துறைமுகத்திலிருந்து கிளம்பியது. தலைமை, அட்மிரல் ரோஜெஸ்த்வென்ஸ்கி. போக வேண்டிய தூரம் சுமார் 33,000 கிலோமீட்டர். ஒரு வாரத்துக்குள்ளேயே மானம் போனது. வட கடலில் ராத்திரி நேரத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஆங்கிலேயப் படகுகளை ஜப்பானிய டார்பிடோ படகுகள் என்று நினைத்துச் சுட்டார்கள். மீனவர்கள் செத்தார்கள். தங்கள் கப்பலான அரோராவையே சுட்டு அதன் பாதிரியாரையும் கொன்றார்கள். பிரிட்டன் போருக்கே வந்துவிடும்போல் இருந்தது.

வழியில் ரஷ்யாவுக்கு ஒரு துறைமுகம்கூடக் கிடையாது. நடுநிலை நாடுகள் நெடுநாள் தங்க விடவில்லை. ஜெர்மன் கம்பெனி ஒன்றின் கப்பல்கள் நிலக்கரி கொண்டுவந்து கொடுத்தன. அடுத்து எங்கே கிடைக்குமோ என்ற பயத்தில் கிடங்கு நிறைந்த பிறகும் மேல்தளத்தில், அறைகளில், நடைபாதைகளில் எல்லாம் மூட்டை மூட்டையாகக் குவித்தார்கள். வெப்ப மண்டலத்து வெயிலில், கரித்தூள் நுரையீரலுக்குள் போகாதிருக்கச் சணல் கழிவைப் பல்லில் கடித்தபடி மாலுமிகள் கரி சுமந்தார்கள். பாரத்தில் கப்பல்கள் அமிழ்ந்து, நீர்மட்டத்தைக் காக்க வேண்டிய இரும்புக் கவசம் தண்ணீருக்குள்ளே போய்விட்டது.

மடகாஸ்கரில் உள்ள நோசி பே தீவில் இரண்டு மாதத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தார்கள். போர்ட் ஆர்தர் விழுந்த செய்தி வந்தது. எந்தப் படைக்குத் துணையாகப் போகிறார்களோ அந்தப் படையே இப்போது இல்லை. அப்போதாவது திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கிளம்பியதைத் திருப்புவது கௌரவக் குறைவு. ஏப்ரல் 8 அன்று சிங்கப்பூரைக் கடந்தபோது கப்பல்களின் அடிப்பாகமெல்லாம் பாசியும் சிப்பியும் அப்பியிருந்தன.

1905 மே 27. விடியுமுன் பனிமூட்டத்தில், ரஷ்ய மருத்துவக் கப்பல் ஒன்றின் விளக்குகளை ஜப்பானிய ரோந்துக் கப்பல் பார்த்துவிட்டது. கம்பியில்லாத் தந்தி பறந்தது. அட்மிரல் டோகோ சுஷிமா நீரிணையில் காத்திருந்தார். கப்பல்களைச் செப்பனிட்டு, மாலுமிகளுக்குச் சுடும் பயிற்சி கொடுக்க அவருக்கு மாதக்கணக்கில் நேரம் கிடைத்திருந்தது. பிற்பகலில் தொடங்கிய சண்டையில், இருட்டுவதற்குள் ரஷ்யாவின் நான்கு புதிய போர்க்கப்பல்களில் மூன்று கடலுக்கு அடியில். போரோடினோ கப்பலில் பிழைத்தவர் ஒரே ஒருவர். மறுநாள் மிச்சமிருந்தவற்றை ரியர் அட்மிரல் நெபோகடோவ் சரணடையச் செய்தார். ரஷ்யத் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 5,000. ஜப்பான் தரப்பில் 117. விளாடிவோஸ்டாக் போய்ச் சேர்ந்தவை ஒரு சிறு குரூஸரும் இரண்டு நாசகாரிகளும்.

ஆள் இருந்தது, நாடு இல்லை

இனிதான் இந்தப் போரின் விசித்திரம். 1905 மார்ச்சில் முக்டெனில் இரு பக்கமும் சேர்த்து ஆறு லட்சம் பேருக்கு மேல் மோதினார்கள். ரஷ்யா தோற்றது, குரோபாட்கின் பதவி போனது. ஆனால் ஜப்பானால் துரத்திப் போக முடியவில்லை. பயிற்சி பெற்ற அதிகாரிகள் தீர்ந்துபோயிருந்தார்கள். போர்ச் செலவில் கணிசமான பகுதி லண்டனிலும் நியூயார்க்கிலும் வாங்கிய கடன். ஜப்பானிய ஜெனரல் கொடாமா டோக்கியோவுக்கே நேரில் போய், சீக்கிரம் சமாதானம் பேசுங்கள் என்று வற்புறுத்தினார். ரயில்பாதையோ இப்போதுதான் முழு வேகத்தில் ஓடியது. கோடை முடிவதற்குள் மஞ்சூரியாவில் ஜப்பானியரைவிட ரஷ்யர்கள் அதிகம். குரோபாட்கின் காத்திருந்த நாள் வந்தேவிட்டது.

வந்தபோது பின்னால் நாடு இல்லை. 1905 ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை, பீட்டர்ஸ்பர்க்கில் தொழிலாளர்கள் ஜாரின் படங்களையும் தேவாலயச் சின்னங்களையும் ஏந்தி, மனு கொடுக்க அரண்மனையை நோக்கி வந்தார்கள். படை சுட்டது. அதன்பின் வேலைநிறுத்தம், நிலக்கலகம். ஜூனில் கருங்கடலில் பொட்டெம்கின் கப்பல் மாலுமிகள் அதிகாரிகளைக் கொன்று கப்பலைக் கைப்பற்றினார்கள். மஞ்சூரியாவுக்கு அனுப்பிய படை இப்போது ஊருக்குள் தேவைப்பட்டது.

சமாதானம் பேச அமெரிக்காவின் போர்ட்ஸ்மத்துக்குப் போனவர் யார் தெரியுமா? விட்டே. இந்தச் சண்டை வேண்டாம் என்று சொல்லிப் பதவி இழந்த அதே விட்டே. செப்டம்பர் 5 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது. சகாலின் தீவின் தென்பாதியும் போர்ட் ஆர்தரும் போயின. நஷ்டஈடாக ஒரு ரூபிள்கூடக் கொடுக்கவில்லை. இதற்குத்தானா இத்தனை பேர் செத்தார்கள் என்று டோக்கியோ மக்கள் ஹிபியா பூங்காவில் கூடிக் கலவரமே செய்தார்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ரஷ்யாவின் பலம் பொய் இல்லை. ஆள் இருந்தார்கள், கப்பல் இருந்தது, விவரம் தெரிந்தவர்களும் இருந்தார்கள். எதுவும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டிய நேரத்தில் சேரவில்லை. சிப்பாய்க்குச் சைபீரியாவில் ஒற்றைத் தண்டவாளம். உண்மைக்கும் ஜாரின் காதுவரை ஒற்றைத் தண்டவாளம்தான். அதில் எதிரே வந்துகொண்டிருந்தவை முகஸ்துதி ரயில்கள். சைபீரியாவின் அடைப்பை ஹில்கோவ் ஒன்றரை வருடத்தில் சரிசெய்துவிட்டார். அரண்மனையின் அடைப்பைச் சரிசெய்ய யாருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. 1914இல் அதே ஜார், அதே அரண்மனை, இன்னும் பெரிய போர். அதன் முடிவு உங்களுக்குத் தெரியும்.

இந்தப் போரின் அதிர்வு ஆசியா முழுக்கப் பரவியது. டோவரிலிருந்து லண்டனுக்குப் போகும் ரயிலில், சுஷிமா செய்தியைப் படித்துப் பூரித்த 15 வயதுப் பையன் ஜவாஹர்லால் நேரு. ஐரோப்பியனைத் தோற்கடிக்கவே முடியாது என்ற நினைப்பு உடைந்த அதே வருடம்தான் வங்கப் பிரிவினையும் சுதேசி இயக்கமும்.

ஜெயித்த ஜப்பானும் இதிலிருந்து ஒரு பாடம் படித்தது. அறிவிக்காமல் முதலில் அடி, எதிரியின் கப்பற்படையைத் துறைமுகத்திலேயே முடக்கு, ஒரு பெரிய கடற்சண்டையில் ஜெயி, களைத்துப்போன பெரியவன் சமாதானத்துக்கு வருவான். 36 வருடம் கழித்து இதே கணக்கை, ஒரு எண்ணும் மாற்றாமல், பேர்ல் ஹார்பரில் போட்டுப் பார்த்தார்கள். இந்த முறை எதிரே இருந்த நாட்டுக்குத் தண்டவாளத்துக்கும் பஞ்சமில்லை, தொழிற்சாலைக்கும் பஞ்சமில்லை.

அந்தக் கதை அடுத்த இதழில்.